படிக்க ஆள் வேண்டும்

மன்னார் நகரில் பிள்ளைகளுக்குக் கணனி சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் கணனிகளில் ஓடுவது டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். வேறொன்றைக் காசு கொடுத்து வாங்க வழியில்லாத காலத்தில் போட்டது. இப்போது விரும்பியே வைத்திருக்கிறேன். ஆனாலும் நெடுங்காலம் எனக்குள் ஒரு பயம் இருந்தது. "இதில் ஓட்டை, உடனே புதுப்பியுங்கள்" என்று டெபியனின் அறிவித்தல் வரும்போதெல்லாம், இவ்வளவு ஓட்டையுள்ளதையா பிள்ளைகளின் கையில் கொடுக்கிறேன் என்று மனம் உறுத்தும்.

அந்தப் பயத்தைத் தீர்த்தது டெபியனின் மிகப் பெரிய சறுக்கல்தான். 2006இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி எச்சரித்ததென்று, இரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகளை முடக்கினார். ஊகிக்கவே முடியாதவையாக இருக்கவேண்டிய அந்தச் சாவிகள், ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,768க்குள் அடங்கிப்போயின. யாரும் படிக்கக்கூடிய நிரல்தான்; ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. லூசியானோ பெல்லோ அதைக் கண்டுபிடித்தார். 2008 மே 13இல் டெபியன் எதையும் மறைக்காமல் சொன்னது: பழைய சாவிகளை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். தன் பிழையை இப்படி ஊரறியச் சொல்பவர்களை நான் நம்புகிறேன். அறிவித்தல் வராத மென்பொருள்தான் இப்போது எனக்குப் பயம்.

நிரல் திறந்து கிடந்தால் மட்டும் போதாது, யாரோ இருந்து படிக்கவேண்டும். ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் குழுவினர் 1996 முதல் அதைச் செய்கிறார்கள். ஓரிடத்தில் பிழை கண்டால், பேசாலையில் வலை பொத்துகிறவர்கள் ஒரு கண் அறுந்திருந்தால் முழு வலையையும் பார்ப்பதுபோல, அதே பிழையை நிரல் முழுதும் தேடுவார்கள்.

2024 மார்ச்சில் நடந்ததை வகுப்பில் எப்போதும் சொல்வேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த லாஸ் காலின் களைத்திருந்தார். உதவுவதாக வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் பின்கதவு வைத்தார். தன் கணனியில் நுழைய அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று துருவிப் பார்த்த ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் அதைப் பிடித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வரவேயில்லை. அதையே ஓட்டும் எங்கள் வகுப்பும் தப்பியது.

ஆனால் திருத்தம் வந்தும் போடாவிட்டால் என்ன பயன்? 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைப் பணயத் தாக்குதல் முடக்கியபோது, அங்கே ஓடியது காலாவதியான மென்பொருள். மே 17 முதலான கடிதங்கள் பல அலுவலகங்களுக்கு மீளவேயில்லை. ஆகவே ஆசிரியர்களையும் கணனிக் கடைக்காரரையும் கேட்கிறேன்: புதுப்பிப்பு வந்தால் அன்றைக்கே போடுங்கள். நிரல் படிக்கத் தெரிந்த பிள்ளை உங்களிடம் இருந்தால், இந்தப் பராமரிப்பாளர்களில் ஒருவருக்குக் கைகொடுக்க அனுப்பிவையுங்கள்.