இலைக்காம்பில் ஒரு வெள்ளைக் கிண்ணம்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் வசிக்கும் தங்கையின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலைப்பொழுதில், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலும் மருமகள் என்னை அருகிலிருந்த காட்டுக்கு அழைத்துச் சென்றாள். கோடைகாலத்தின் உச்சத்தில் பச்சைப்பசேலென்று இருக்கவேண்டிய ஆஷ் மரங்கள் பல, நுனிக்கிளைகள் மொட்டையாகி எலும்புக்கூடுகளைப் போல நின்றன. அவள் நிலத்தில் குந்தியிருந்து சருகுகளைக் கிளறி, கரிய ஈர்க்கு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன்மேல் வெண்ணிறக் கிண்ணமொன்று, சிறு காம்பில் நின்றது. அகலம் மூன்று மில்லிமீற்றர் இருக்கலாம்.

"மாமா, இவ்வளவு மரத்தையும் விழுத்தினது இதுதான்" என்றாள்.

விஞ்ஞானத்துக்கும் எனக்குமான உறவு க.பொ.த. சாதாரண தரத்தோடு முறிந்துபோனது. ஆயினும் பெயர்களோடு முப்பது வருடங்களுக்கு மேல் மாரடித்தவன் நான். அந்தப் பங்கசுக்குப் பெயர் சூட்டப்பட்ட கதையை அவள் சொல்லச் சொல்ல, காட்டைவிட்டு நான் வேறோர் இடத்துக்குப் போய்விட்டேன்.

போலந்து நாட்டில் 1990களின் தொடக்கத்திலேயே ஆஷ் மரங்கள் காய்ந்து மடியத் தொடங்கிவிட்டன. குளிர், வரட்சி என்று பலவற்றின் மீதும் பழி விழுந்தது. 2006 இல்தான் தடேயுஸ் கோவல்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், நோயுற்ற கிளைகளிலிருந்து ஒரு பங்கசை வளர்த்தெடுத்து, அது இதுவரை பெயரில்லாத புதிய இனம் என்று விபரித்து, கலாரா பிறக்சீனியா என்று பெயரிட்டார். ஆனால் அவர் கண்டது அதன் ஒரு முகம் மட்டுமே. பங்கசுகள் பலவற்றுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு; பாலின்றிப் பெருகும் உருவம் ஒன்று, கிண்ணமாக விரிந்து வித்திகளைக் காற்றில் எறியும் உருவம் மற்றொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற விநோதமான வழக்கமும் அப்போது இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுப்பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் வெவ்வேறாக இருக்கும் பிள்ளைகளைப் போல.

2009 இல் கோவல்ஸ்கியும் சுவிற்சர்லாந்தின் ஒட்மார் ஹோல்டன்றீடரும் மற்ற முகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆஷ் மரத்தின் இலை நமது வேப்பிலையைப் போலக் கூட்டிலை. இலையுதிர்காலத்தில் சிற்றிலைகள் உக்கிப்போக, ஈர்க்கு மட்டும் கறுத்து எஞ்சும். மறு கோடையில் அந்த ஈர்க்கின்மேல் முளைக்கும் வெள்ளைக் கிண்ணங்களின் வித்திகளை வளர்த்தபோது, அதே கலாராவே வந்தது. அங்கேதான் ஒரு பெரும் புதிர் எழுந்தது. அந்தக் கிண்ணம் ஐரோப்பாவுக்குப் புதியதல்ல. ஹைமெனோசைபஸ் அல்பிடஸ் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அறியப்பட்டது. உதிர்ந்த இலையைத் தின்று வாழும், எவருக்கும் தீங்கு செய்யாத பங்கசு. இத்தனை காலமும் சாதுவாயிருந்தது இப்போது ஏன் கொலைகாரனாக மாறியது?

மாறவில்லை. வலன்ரின் குவெலோஸ் தலைமையிலான குழுவினர் டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றென்று எண்ணியது இரண்டு எனத் தெரிந்தது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே ஈர்க்கு. ஆனால் வேறு வேறு இனங்கள். 2011 இல் அச்சில் வெளியான அந்தக் கட்டுரையில் புதியதற்கு சூடோஅல்பிடஸ், அதாவது 'போலி வெண்மையன்' என்று பெயர் வைத்தார்கள். ஓர் உயிரைப் புதிய இனம் என்று சொல்வது இலேசான காரியமல்ல. மாதிரி ஒன்றைக் காயவைத்து, பொதுவான ஒரு சேகரத்தில், எவரும் வந்து பார்க்கக்கூடியவாறு வைக்கவேண்டும். பெயர் என்றென்றைக்கும் அந்த மாதிரியோடு கட்டப்பட்டிருக்கும். 2011 முடியும்வரை வரைவிலக்கணத்தை இலத்தீனில் எழுதவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. பத்திரிகையில் இப்படியொரு விதி இருந்திருக்குமானால் எங்களில் பலர் பிழைத்திருக்கமாட்டோம்.

பின்னர் நுணுக்குக்காட்டியிலும் ஒரு வேறுபாடு அகப்பட்டது. வித்திகள் எட்டு எட்டாக அடங்கியிருக்கும் நுண்ணிய பை ஒவ்வொன்றினதும் அடியில், கொலைகாரனுக்கு ஒரு சிறு கொக்கி உண்டு. சாதுவுக்கு இல்லை. அவ்வளவுதான்.

அந்தக் கொக்கியைப் பற்றி மருமகள் சொன்னபோதுதான் எனக்கு 1996 நினைவுக்கு வந்தது. கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் ஆசிரியபீடத்தில் உதவியாசிரியனாக இருந்தேன். சுற்றிவளைப்புகளில் கைதானவர்களின் பெயர்ப்பட்டியல்கள் தொலைநகலில் வந்துகொண்டிருந்த காலம். ஓர் இரவு வந்த பட்டியலில் ஒரே பெயர், ஒரே முதலெழுத்தோடு இரண்டு இடத்தில் இருந்தது. அனுப்பியவர் இரட்டிப்பாக எழுதிவிட்டார் என்று எண்ணி ஒன்றை வெட்டினேன். ஒன்றுக்கு வயது இருபத்திரண்டு, மற்றதற்கு இருபத்துமூன்று. அதை நான் பார்க்கவில்லை.

இரண்டு நாட்களின் பின் மலையகத்திலிருந்து ஒரு தந்தை அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பட்டியலிலிருந்த பிள்ளையின் வயது தன் மகனின் வயதல்ல என்று கண்டு, மகன் கைதாகவில்லை, வேறேதோ நடந்துவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு நாட்களாக வைத்தியசாலைகளின் பிரேத அறைகளில் தேடியிருக்கிறார். மூலப் பட்டியலை எடுத்துக் காட்டினேன். விரலை அந்த வரியில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். "இருக்கிறான்தானே ஐயா" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மறுநாள் இரண்டு வரியில் திருத்தம் போட்டோம்.

பங்கசின் கதை அத்தோடு முடியவில்லை. யப்பானில் 1993 இல் வேறு பெயரில் பதிவான ஒரு கிண்ணப் பங்கசும் இதுவே என்று 2012 இல் நிறுவப்பட்டது. அங்கே கிழக்காசிய ஆஷ் மரங்களோடு பெரிய சேதமின்றிக் காலங்காலமாக வாழ்ந்தது, பழக்கமில்லாத ஐரோப்பிய மரங்களை அடைந்ததும் கொல்லத் தொடங்கியிருக்கிறது. 2014 இல் முதற்பெயரின் பின்பாதியை மீட்டு, ஹைமெனோசைபஸ் பிறக்சீனியஸ் என்று பெயரை நிலைப்படுத்தினார்கள். பிரித்தானியாவில் 2012 இல் இனங்காணப்பட்டது; அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் ஆஷ் கன்றுகளின் இறக்குமதியைத் தடைசெய்தபோது அது ஏற்கெனவே காடுகளுக்குள் இருந்தது. இலை வழியாக ஒரு பங்கசு வந்து ஒரு நாட்டின் தோற்றத்தையே மாற்றுவது இலங்கையருக்குப் புதுமையல்ல. 1869 இல் பேர்க்லியும் புறூமும் இங்கிலாந்திலிருந்து பெயரிட்ட ஹெமிலேயா வாஸ்ராற்றிக்ஸ், நமது மலைகளின் கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதை நாமறிவோம். அந்தத் தந்தையின் முன்னோர் எந்தப் பயிருக்காகக் கடல் கடந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

"பழையது என்னானது?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"அந்தச் சாதுவோ மாமா? டென்மார்க்கில தேடித் தேடியும் கிடைக்கேல்லையாம். ஒரே ஈர்க்குத்தானே, புதுசு வந்து இடத்தைப் பிடிச்சிட்டுது."

சில ஆண்டுகள் அதன் பெயரிலேதான் குற்றம் எழுதப்பட்டிருந்தது.

இருட்டத் தொடங்கியது. காட்டின் வாசலில், சப்பாத்துகளில் ஒட்டிய மண்ணையும் சருகையும் துப்புரவாக்கிவிட்டுச் செல்லுமாறு ஓர் அறிவித்தல் இருந்தது. மருமகள் ஒரு தடியை முறித்துத் தந்தாள். ஒற்றைக் காலில் நின்று, அவள் தோளைப் பிடித்தபடி, அடிப்பாகத்துச் சேற்றைச் சுரண்டினேன். சேற்றோடு ஒட்டிக் கிடந்தது ஒரு கரிய ஈர்க்கு.