மாப்பிள்ளைக்கு 66, பொண்ணுக்கு 60... தாய்லாந்து விசாவுக்காக ஒரு கல்யாணப் பதிவு!

சார்பதிவாளர் அலுவலக வராண்டாவில் அன்று மூன்று ஜோடிகள். இரண்டு ஜோடிகளின் கழுத்தில் மாலை இன்னும் வாடவில்லை. மூன்றாவது ஜோடி, மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. ஃபைலோடு வெளியே வந்த ஊழியர் அந்தப் பெரியவரிடம் கேட்டார், "பொண்ணு, மாப்பிள்ளை எங்க சார்?"

"நாங்கதாங்க."

மாலை போட்டிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஆவடிக்காரர்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, 2019-ல் ஓய்வுபெற்றவர் அவர். மகள் கணவரோடு பாங்காக்கில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது இருவரும் போய், அப்போது விசா இல்லாமலே அனுமதிக்கப்பட்ட 60 நாளும் தங்கிவிட்டு வந்தார்கள். மகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் 60 நாள் போதவில்லை. "ஒரு வருஷமாவது வந்து இரும்மா" என்றாள். அப்போதுதான் தாய்லாந்தின் ஓய்வுக்கால விசா பற்றி வீட்டில் பேச்சு வந்தது.

அந்த நாட்டில் 'ஓ-ஏ' என்று ஒரு விசா வகை உண்டு. 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். போலீஸ் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு எல்லாம் தனி. காசநோய், தொழுநோய், யானைக்கால் இல்லை என்பதோடு, போதைப் பழக்கமும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். காபி தவிர வேறெதையும் தொடாத மனுஷர் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆடித்தான் போனார். இந்த விசாவில் போய் அங்கே வேலை பார்க்கக் கூடாது. பேத்தியைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் வேலைக் கணக்கில் வராது என்பதால், அதில் சிக்கல் இல்லை.

65,000 பாட் என்றால் நம்ம காசுக்கு மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவருடைய பென்ஷன் நாற்பதாயிரத்துச் சொச்சம். ஆனால், விதியில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஓராண்டு வருமானத்தையும் வங்கி இருப்பையும் கூட்டி 8 லட்சம் பாட் வந்தாலும் போதும். பென்ஷன் கணக்கு போக, பதினாறு பதினேழு லட்சம் ரூபாய் டெபாசிட்டாகக் காட்டினால் சரி. கிராஜுவிட்டியில் மிச்சம் வைத்த பணத்தோடு சேர்த்து அவர் பெயரில் அந்த அளவுக்கு எஃப்.டி. இருந்தது. பென்ஷன் ஆணை, பாஸ்புக், வருமான வரி ரிட்டர்ன் என்று ஒரே நாளில் அவருடைய ஃபைல் தயாராகிவிட்டது.

பிரச்னை அந்த அம்மாவின் ஃபைலில்தான்.

முப்பது வருஷமாக வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்தவர். தீபாவளி, பொங்கல் சமயங்களில் ராத்திரி ரெண்டு மணி வரை மெஷின் சத்தம் கேட்கும். அந்தக் காசில் சீட்டு கட்டி, எடுத்த சீட்டுப் பணம் ஆறு லட்சம் அந்த எஃப்.டி-யில்தான் கிடக்கிறது, கணவர் பெயரில். வரவுசெலவு முழுக்கக் கையில் வாங்கி, கையில் கொடுத்தது. காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "அப்ப நான் சம்பாதிச்சதே இல்லையாங்க?" என்று கேட்டார். பெரியவரிடம் பதில் இல்லை.

வயது 50-ஐத் தாண்டினாலும் தனியாகப் பணம் காட்ட முடியாத துணைவருக்கு, உடன் வருபவர் என்ற முறையில் வேறு வகை விசா தருகிறார்கள். அதற்குக் கேட்பது திருமணச் சான்றிதழ். அது அவர்களிடம் இல்லை.

1986 ஆவணியில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணம். அப்போது யார் பதிவு செய்தார்கள்? எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2006-ல்தான். அதுவும் பிப்ரவரி 14-ம் தேதி! தமிழ்நாட்டில் கட்டாயப் பதிவுச் சட்டம் 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கல்யாணமான நம் அம்மா, பாட்டிகளில் பலருக்கு இந்தக் காகிதம் கிடையாது. பாஸ்போர்ட்டுக்குக்கூட 2016 டிசம்பரில் திருமணச் சான்றிதழ் தேவையில்லை என்றாகிவிட்டது. அதனால் அந்த அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சுலபமாக ஏறிவிட்டது. ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருக்கிறது. பென்ஷனுக்காக இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கிறது. அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்ற இடத்தில் அரசாங்கமே அந்த அம்மா பெயரைப் போட்டிருக்கிறது. ஆனாலும் விசாவுக்குக் கேட்பது சான்றிதழைத்தானே.

இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பழைய கல்யாணத்தையும் பதியலாம் என்று தெரிந்ததும் வீட்டுப் பரணில் தேடல் தொடங்கியது. டிரங்குப் பெட்டிக்கு அடியில், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று கிடைத்தது. 'அட்சய வருஷம் ஆவணி மாதம்' என்று ஆரம்பிக்கும் அந்தப் பத்திரிகையில் மணமகள் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர், அப்பாவின் இனிஷியலோடு. பாஸ்போர்ட்டில் அதே பெயர், கணவர் பெயரோடு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது.

சாட்சிகள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தாலி எடுத்துக் கொடுத்த பெரியப்பா இல்லை. மந்திரம் சொன்ன குருக்கள் இல்லை. கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் நடமாட்டத்தோடு இருந்தது, பூந்தமல்லியில் இருக்கும் நாத்தனாரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிட்டயரான மாப்பிள்ளைத் தோழரும். நாத்தனாருக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் வந்து இறங்கியவர், "அன்னிக்குப் பந்தியில எனக்கு வடை வரல. அதுக்கும் சேர்த்து இன்னிக்கு வாங்கிக் குடு அண்ணி" என்று வராண்டாவையே கலகலப்பாக்கிவிட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினார். "எந்த இனிஷியல் போடணும் சார்?" என்று கேட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்து, எழுத்து எழுத்தாக எழுதினார்.

சான்றிதழ் கைக்கு வந்த நாளில் வாசலில் நின்றே இரண்டு முறை படித்தார். கல்யாண நாள் ஒன்று, பதிவான நாள் வேறு. நடுவில் 39 வருஷம். எதிர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை இருந்தது.

"ஏங்க, லேமினேட் பண்ணிடலாமா? கசங்காம இருக்கும்ல."

"ஐயோ, வேணாம்மா. இதுமேல இன்னும் மாநில அரசு முத்திரை, வெளியுறவு அமைச்சகம் முத்திரைன்னு வரிசையா குத்தணும். பிளாஸ்டிக் போட்டா எங்க குத்துவாங்க?"

அந்த அம்மா காகிதத்தை மடிக்காமல், கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள் பையை மூடிக்கொண்டார். நாத்தனார் ஏற்கெனவே டீக்கடையில் வடை சொல்லியிருந்தார்.