மாட்டுத் தலையில் பிறந்த எழுத்து

மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் பயன்படும் உரோமன் எழுத்துகளில் முதலாவது 'ஏ'. அதன் பெரிய வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால், இரண்டு கொம்புகளை உடைய மாட்டின் முகம் தெரியும். இது தற்செயலான ஒற்றுமை அன்று. அந்த எழுத்து மாட்டின் படமாகத்தான் பிறந்தது.

பழங்காலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எகிப்தின் படவெழுத்தையும் மெசபொத்தேமியாவின் ஆப்பெழுத்தையும் கற்க, நூற்றுக்கணக்கான குறிகளை மனனம் செய்ய வேண்டியிருந்தது. பல்லாண்டுகள் பயின்ற எழுத்தர்களுக்கே அக்கலை கைவந்தது.

இந்நிலையை மாற்றும் எளிய வழி ஒன்று பிறந்தது. சினாய்ப் பகுதியில் எகிப்தியர் நடத்திய சுரங்கத்தின் அருகே, செமித்திய மொழி பேசியோர் பொறித்த எழுத்துகள் 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. அவை 3,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. அவற்றில் ஒரு படம், அப்பொருளின் பெயரில் உள்ள முதல் ஒலியை மட்டுமே குறித்தது. 'மேம்' என்றால் நீர். எனவே, அலையின் படம் 'ம்' ஆனது. 'அலெப்' என்றால் மாடு. எனவே, மாட்டுத் தலை, தொண்டையில் எழும் ஒரு மெய்யொலியைக் குறித்தது.

இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசியர், இவ்வெழுத்துகளின் வழிவந்த 22 எளிய கோட்டு வடிவங்களைப் பயன்படுத்தினர். வணிகர்களான அவர்கள் சென்ற துறைமுகங்களுக்கெல்லாம் அவையும் சென்றன.

அந்த 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகளே. உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படிப் படித்தார்கள்? செமித்திய மொழிகளில் சொல்லின் அடிப்படைப் பொருளை மெய்களே தாங்குகின்றன. க், த், ப் என்னும் மூன்று மெய்கள் எழுதுதலைக் குறிக்கும். அரபுமொழியில் 'கதப' என்றால் எழுதினான். 'கிதாப்' என்றால் நூல். மொழி அறிந்தவர், இடத்திற்கு ஏற்ற உயிரொலியைத் தாமே சேர்த்துப் படித்துவிடுவார்.

கிரேக்க மொழிக்கு அது போதவில்லை. தம் மொழியில் இல்லாத ஒலிகளுக்குரிய எழுத்துகளைக் கிரேக்கர் உயிரெழுத்துகளாக மாற்றிக்கொண்டனர். 'அலெப்' அவர்களிடம் 'ஆல்பா' ஆனது. பின்னர் உரோமன் 'ஏ' ஆனது. மற்றொரு கிளையான அரமேய எழுத்திலிருந்து இன்றைய எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் தோன்றின. அரபு எழுத்தே மலாய்மொழிக்கு ஏற்ற ஜாவி எழுத்தாயிற்று. தமிழ் எழுத்தின் மூதாதையான பிராமியிலும் அரமேயத்தின் தாக்கம் உண்டு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அது இந்திய மண்ணிலேயே தோன்றியது என்று கூறுவோரும் உளர்.

இத்தனை எழுத்துகளுக்கு வழிவகுத்த பினீசியரின் சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் பாப்பிரசுத் தாளில் எழுதினர். ஈரக் காற்றில் அவை மட்கிப்போயின. காலப்போக்கில் அவர்களின் எழுத்தைப் படிக்கவும் ஆளில்லாமல் போயிற்று. மால்ட்டாத் தீவில் கிடைத்த கல்வெட்டில் பினீசியமும் கிரேக்கமும் சேர்ந்திருந்தன. அதன் துணையுடன் பார்த்தெலமி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1758ஆம் ஆண்டில் அவ்வெழுத்தை மீண்டும் படித்துக் காட்டினார்.

இன்று எஞ்சியுள்ள கல்வெட்டுகள் பெரும்பாலும் சிறியவை. அதனால், பிறருக்கு எழுத்தைக் கொடுத்த அம்மக்களின் வரலாற்றில் பெரும்பகுதியைப் பிறர் எழுதிய நூல்களிலிருந்தே உலகம் அறிந்துகொள்கிறது.