மறையும் மூலை

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். படத்தில் எது விழும் என்பதை அதற்குள் தெரியும் வெளிச்சக் கோடுகள்தான் சட்டம் போட்டுக் காட்டும். 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் சட்டத்தைச் சுற்றி நிறைய இடம் மிஞ்சும். ஒருவர் படத்துக்குள் நுழையும் முன்பே அவர் வருவது தெரிந்துவிடும். எனக்கு இந்தக் கேமரா பிடித்ததே அதனால்தான்.

வைட் லென்ஸ் போட்டால் அந்தச் சொகுசு போச்சு. 1954இல் வந்த லைக்கா எம்3இல் 50, 90, 135க்கு மட்டும்தான் கோடுகள். 35க்குக் கோடு எம்2வில்தான் வந்தது. என்னுடைய எம்6இல் 28க்கும் இருக்கு, ஆனா ஜன்னல் விளிம்போடு ஒட்டி. மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு நாலு ஓரமும் ஒரே பார்வையில் சிக்காது. கண்ணை உருட்டி உருட்டித்தான் பார்க்கணும். 21 என்றால் இன்னும் கூத்து: கேமரா தலையில் தனி வியூஃபைண்டர் செருகி, கீழே ஃபோகஸ், மேலே சட்டம். கிட்டப் போனால் எதிரில் இருப்பவர் தலை வெட்டுப்படும்.

இதெல்லாம் பழகிடும். பழகாதது வலது கீழ் மூலை. லென்ஸ் குழல் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் சமையலறை ஆறடி அகலம். அங்கே 28தான் வழி. அடுப்பு வலப்பக்கம் என்பதால் அம்மாவின் கைகள் சரியாக அந்த மூலையில்தான் வரும். ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். போன மாதப் படத்தில், கடுகு டப்பா மூடியை முந்தானையால் சுற்றி இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருக்கிறாள். விரல் வலி பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.