மாதிரியின் மாண்பு

ஆம்பூரில் புதுவகைக் காலணி செய்யத் தொடங்குவோர் முதற்கண் மாதிரி ஒன்றைத் தைத்துப் பார்ப்பர். விரலை நெருக்குகின்றதா, தையல் விடுகின்றதா என ஆய்வர். குறை கண்டால் தோலை வேறுவகையாக வெட்டி மீண்டும் தைப்பர். அம்மாதிரி கடைக்குச் செல்வதில்லை, ஒதுக்கப்பட்டுவிடும். ஆயினும் பின்னர்ச் செய்யப்படும் காலணிகள் யாவும் அதனால் திருந்தியவையே.

விமானம் செய்வோர்க்கும் இம்முறை உண்டு. ஆம்பூரிலிருந்து இருப்புப்பாதை வழியே மேற்கே சென்றால் பெங்களூரை அடையலாம். அங்குள்ள தேசிய வானூர்தி ஆய்வகம், பதினால்வர் அமரத்தக்க சிறு விமானம் ஒன்றை வடிவமைத்தது. கொக்கினத்துள் மிக நெடிய சாரசப் பறவையின் பெயரால் அது ‘சரஸ்’ எனப்பட்டது.

சுழல்விசிறி பெரும்பாலும் எஞ்சினின் முன்னே நின்று விமானத்தை இழுக்கும். சரஸ் விமானத்திலோ, உடலின் பிற்பகுதியில் இருபுறமும் அமைந்த எஞ்சின்களுக்குப் பின்னே நின்று தள்ளும். 1903ஆம் ஆண்டில் ரைட் சகோதரர் பறக்கவிட்ட விமானமும் பின்னிருந்து தள்ளப்பட்டதே. இவ்வமைப்பினால் பயணியர் அறையில் இரைச்சல் குறையும். சிறகின்மேல் காற்றும் கலங்காது செல்லும். ஆனால், முன்னுள்ள உறுப்புகள் கலக்கிய காற்றிலே விசிறி சுழல வேண்டியிருக்கும். ஒரு நன்மைக்கு ஒரு விலை உண்டன்றோ?

2004ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முதல் மாதிரி வானில் எழுந்தது. எனினும் அதன் எடை, திட்டமிட்டதினும் மிகுந்திருந்தது. ஆதலின் வலிமை மிக்க எஞ்சின்களைப் பூட்டி, 2007இல் இரண்டாம் மாதிரியைப் பறக்கவிட்டனர். 2009ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையில், பிடதிக்கு அருகே அது வீழ்ந்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் உயிர் நீத்தனர். எஞ்சினை மீண்டும் இயக்குதற்கு வகுத்த முறையே பிழையுடையது என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

பணி தளர்ந்தது. எஞ்சியிருந்த முதல் மாதிரி, கைவிடப்பட்ட பொருள்போல் ஆண்டுக்கணக்கில் பறவாது நின்றது. பின்னர் அதனைச் செப்பனிட்டு, 2018ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் மீண்டும் பறக்கச் செய்தனர். அதன்பின் பத்தொன்பதின்மர் அமரத்தக்க புது வடிவை வகுக்கலாயினர்.

காலணி மாதிரியின் குறை விரலை வருத்தும். விமான மாதிரியின் குறையோ உயிரையே கொள்ளும். ஆகவே, செய்த பொருளை மட்டுமன்றி, அதனைச் சோதிக்கும் முறையையும் முன்னரே சோதித்தல் வேண்டும். மாணவர்களே! பயணி ஒருவரையும் ஏற்றாத அவ்விமானம் பயனற்றுப் போயிற்று என்று எண்ணற்க. மூவர் தம் உயிரால் எழுதிய பாடம் அது; அதனைக் கற்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் கடன்.