காரைக்குடியில் ஒரு காப்பி

காரைக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லை!" என்று நாலு பேர் சப்புக் கொட்டுவார்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் காப்பியைப் பற்றி ஒருவராவது மூச்சு விட வேண்டுமே! காப்பி என்றால் கும்பகோணம்தான் என்று நாம் எல்லோரும் எப்போதோ தீர்மானித்துவிட்டோம் அல்லவா?

செட்டிநாட்டில் நல்ல காப்பி கிடைக்குமா, கிடைக்காதா? நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று நானும் நம் ஓவியரும் கிளம்பினோம். ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை: காலைக் காப்பி உள்ளே இறங்கும் வரையில் அவருக்குக் கோடு நேராக வராது.

பிற்பகலில் எழும்பூரிலிருந்து புறப்பட்ட பல்லவன் எக்ஸ்பிரஸ், இரவு எங்களைக் காரைக்குடியில் இறக்கிவிட்டது. மறுநாள் காலை பக்கத்திலிருந்த ஓர் ஓட்டலில் காப்பி கேட்டோம். வந்தது. சூடு இருந்தது; நுரை இருந்தது; சர்க்கரை ஏராளமாக இருந்தது. காப்பி மட்டும் இல்லை! ஓவியர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை அவர் வரைந்த கோபுரம் சற்றே சாய்ந்திருந்தது.

"ஓட்டல்ல கேட்டா எப்படி சார்? கொட்டை வறுத்து அரைக்கிற கடைக்குப் போங்க" என்றார் ஆட்டோக்காரர். அவர் வழி சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் வாசனையே எங்களை அழைத்துக்கொண்டு போய்விட்டது.

கடைக்காரர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "பீபரியா, பிளாண்டேஷன் ஏ-யா?" காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டை விதைகள் இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒரே விதை உருண்டையாக விளையும். அதுதான் பீபரி. இரண்டாவது கேள்வி: "சிக்கரி எவ்வளவு போடலாம்?" சகோதரிகளே, இந்தக் கேள்வியை நீங்கள் அலட்சியம் செய்யக் கூடாது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர்; காப்பியே அல்ல. சிக்கரி கலந்த பொட்டலத்தில் நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும், விகிதத்தை மேலே அச்சிட வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் 49 பங்கு வரை வேராக இருந்தாலும் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. நம் நாக்குக்குத்தான் ஆட்சேபம்!

"நல்ல பொடி யார் வாங்கிப் போகிறார்கள்?" என்று விசாரித்தேன்.

"வீட்டுக்காரங்கதான். முன்னே கிலோக் கணக்கா வாங்கின வீட்டுக்கு இப்ப நூறு கிராம் போகுது" என்றார் அவர்.

அந்தப் பதிலின் முழு அர்த்தம், அன்று மாலை முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனபோதுதான் விளங்கிற்று. பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போன தெரு அது. பர்மாத் தேக்குத் தூண்கள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள் என்று பெரிய வீடுகளின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் அங்கே விலைக்கு வந்திருக்கிறது. ஒரு மூலையில் முழங்கை உயரத்தில் ஒரு பித்தளைப் பில்டர். ஓவியர் பேரம் பேசி வாங்கிவிட்டார். "வரவேற்பறையில் வைத்தால் அழகாக இருக்கும்" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டுதான், என் கல்லூரித் தோழன் ஒருவனுடைய அப்பத்தாவைப் பார்க்கப் போனோம். தெருவுக்குத் தெரு நீளும் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. அறைகளெல்லாம் பூட்டு, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியும் ஒரு சின்ன அடுக்களையும்தான் விழித்திருக்கிறார்கள்.

"வாங்க தம்பி, வாங்க. முதல்ல காப்பி சாப்பிடுங்க. பேச்செல்லாம் அப்புறம்" என்றார் ஆச்சி.

நானும் கூடவே போய்ப் பார்த்தேன். பொடியை அமுக்கி, தளதளவென்று கொதித்த தண்ணீரை வட்டமாக ஊற்றினார். இறங்கிய டிகாக்‌ஷனை அடுப்பில் வைக்கவே இல்லை, பாலைத்தான் காய்ச்சினார். "பாதிக் காப்பி தண்ணியிலதான் இருக்கு. இது சம்பை ஊத்துத் தண்ணி" என்றார். காரைக்குடிக்குக் குடிநீர் தரும் அந்த ஊற்றின் ருசி ஊருக்கே பெருமை.

ஒரு வாய் குடித்தேன். கும்பகோணத்தார் என்னை மன்னிக்க வேண்டும்.

காப்பிக்கும் இந்த மண்ணுக்கும் உறவு பழையது. இலங்கை மலைகளில் காப்பி விளைந்த நாளில், அந்த வியாபாரத்துக்குப் பணம் புரட்டியவர்களில் நாட்டுக்கோட்டையார் உண்டு. 1869-ல் இலைத் துரு நோய் தோன்றித் தோட்டங்களை அழித்தது. பிறகுதான் அங்கே தேயிலை பெருமளவில் பரவியது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கில் போனார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அத்தனை வருஷமும் வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் பெண்கள்.

"கடுதாசி வராத நாள்லயும் பில்டர்ல தண்ணி ஊத்துறது நிக்காதாம். யாராவது வருவாங்கல்ல? எங்க மாமியார் சொல்லுவாக" என்றார் ஆச்சி.

அப்போதுதான் ஓவியரின் கையிலிருந்த பில்டர் அவர் கண்ணில் பட்டது. வாங்கித் திருப்பி, அடியில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

"இது சாமான்ல வந்தது தம்பி. யாரோ பெத்தவங்க பொண்ணுக்குப் பேர் வெட்டிக் கொடுத்திருக்காக."

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்களைப் பரப்பி வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணமான மகனுக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்து, 'வேறு' வைப்பதும் அங்கே வழக்கம். அப்படி ஒரு பெண் தன் அடுப்பில் முதல் காப்பி போட்ட பில்டராக அது இருக்கலாம்.

"அலமாரியில வச்சு அழகு பாக்காதீங்க. ஈயம் பூசிக் காப்பி போடுங்க" என்றார் ஆச்சி. ஓவியர் தலையை ஆட்டினாரே தவிர, பேசவில்லை.

நேயர்களே, காரைக்குடியில் நல்ல காப்பி இருக்கிறது. பலகை பார்த்துத் தேடினால் அகப்படாது. தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தால் கூச்சப்படாமல் போங்கள். இல்லாவிட்டால் அரைக்கிற கடையில் கால் கிலோ வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டு அடுப்பில் போட்டுப் பாருங்கள்.

சென்னை திரும்பியதும் ஈயம் பூசுகிறவரைத் தேடி ஓவியர் மூன்று வாரம் அலைந்தார். இப்போது அவர் வீட்டில் தினமும் அந்தப் பில்டரில்தான் காப்பி. நாலு பேர் வந்தால்தான் அது நிறைகிறது என்று நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கோபுரங்களும் இப்போது நேராகத்தான் நிற்கின்றன.