கலவைக் கணக்கும் மொழியறிவும்

கணிதம் விஞ்ஞான மாணவர்க்கே உரியது, கலைப்பீடத்தார்க்கு அதனோடு உறவில்லை என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. விடுமுறைக் காலங்களில் அயலிலுள்ள க.பொ.த. சாதாரணதர மாணவர் சிலருக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு இவ்வெண்ணம் பொருத்தமற்றதாகவே தோன்றுகின்றது. அவர்கள் அஞ்சுவது சமன்பாட்டுக்கன்று. அதற்கு முன்னே நிற்கும் வசனத்துக்கே.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். நிறைப்படி 10 நூற்றுவீத உப்புக்கரைசலையும் 30 நூற்றுவீத உப்புக்கரைசலையும் கலந்து, 15 நூற்றுவீதக் கரைசல் 500 கிராம் ஆக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுத்தல் வேண்டும்?

வினாவைக் கண்டதும் மாணவர் பலர் 10, 30, 15 என்னும் எண்களைக் கூட்டவும் கழிக்கவும் முற்படுகின்றனர். ஆனால் நூற்றுவீதம் தனித்து நிற்கும் பொருளன்று. இலக்கணத்தில் வைத்துக் கூறுவதாயின், அது அடைமொழி போன்றது. ‘எதனுடைய நூற்றுவீதம்?’ என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அது ஓர் அளவாகும்.

கணிதத்தையே கைவிட எண்ணியிருந்த மாணவி ஒருத்தியிடம், எண்களை விடுத்து வினாவைத் தன் சொற்களிற் கூறுமாறு கேட்டேன். நெடுநேரம் சிந்தித்தவள், “அப்ப உப்பு எங்கையும் போகேல்லைத்தானே, அண்ணை?” என்றாள். கணக்கின் உயிர்நாடி அதுவே. கலக்கும்போது செறிவு மாறும்; உப்பின் மொத்த நிறை மாறாது.

எஞ்சியதை அவளே செய்தாள். செறிவு கூடிய கரைசல் ‘ய’ கிராம் எனின், மற்றையது 500 - ய கிராம். இறுதியில் இருக்கவேண்டிய உப்பு 75 கிராம். எனவே,

0.3ய + 0.1(500 - ய) = 75

இதிலிருந்து ய = 125. முதலாவதில் 125 கிராமும் மற்றையதில் 375 கிராமும் வேண்டும். 15 என்பது 30 இலும் பார்க்க 10 இற்கு அண்மையிலிருப்பதால், செறிவு குறைந்த கரைசலே மிகுதியாக வேண்டப்படுதல் இயல்பே.

இச்சிந்தனை எமக்குப் புதியதுமன்று. 1150 ஆம் ஆண்டில் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் வெவ்வேறு மாற்றுடைய பொன்களை உருக்கிச் சேர்க்கும் கணக்குகள் உள்ளன. ஒவ்வொரு பொன்னின் நிறையையும் அதன் மாற்றாற் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுப்பதே அங்குள்ள விதி. ‘பத்தரைமாற்றுத் தங்கம்’ என நாம் வழங்கும் தொடரிலுள்ள மாற்றும் ஒருவகைச் செறிவே.

கணிதத்திற் சித்தியெய்தாமையால் உயர்தர வகுப்பை எட்டாது நின்றுவிடும் மாணவரை ‘கணித மூளை இல்லாதவர்’ எனத் தள்ளிவிடுதல் எளிது. அவர்களுட் சிலருக்கேனும் குறைவாயிருப்பது வசனத்தைப் பொருளுணர்ந்து வாசிக்கும் பயிற்சியே. அப்பயிற்சியை அளிக்கும் பொறுப்பு மொழி கற்கும் எமக்கும் உண்டு.